கேட்டடிக் குழாய்களில் வந்த பேச்சு

கேட்டடிக் காலனிக் குழாய்களில் தண்ணீர் வரவேண்டிய நேரத்தில் பேச்சு வரத் தொடங்கிய அன்று, என் அம்மா பூங்கனி வழக்கம்போலக் குடத்தைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே பல்லி இல்லை என்று பார்த்து, குழாயடியில் வைத்துவிட்டு, பல் விளக்கிக்கொண்டே திருகைத் திறந்தாள். குழாய் இரண்டு தரம் இருமியது, கொஞ்சம் காற்றை விட்டது, பிறகு ஊருக்குள் மேலரதவீதியில் யாரோ ஒரு பெண் தன் மருமகள் வைத்த புளிக்குழம்பைப் பற்றிச் சொல்வது தெளிவாக, சீராக, குடத்துக்குள் விழத் தொடங்கியது. அம்மா வாயிலிருந்த நுரையைத் துப்பினாள். குடம் நிரம்பும்வரை நின்று, அதை நகர்த்திவிட்டு அடுத்த குடத்தை வைத்தாள், ஏனென்றால் குழாயில் எது வந்தாலும் வருகிறபோதே பிடித்துவிட வேண்டும், நாளைக்கு வருமா என்று யாருக்கும் தெரியாது என்பது ரயில்வே கேட்டுக்கு அப்பால் பிறந்த எல்லாருக்கும் பால்குடியிலேயே பழகிய விஷயம்.

சீக்கிரமே அதன் குணம் எங்களுக்குப் பிடிபட்டது. பேச்சு தண்ணீரைவிட லேசு, ஆனால் இடுப்பில் வைத்தால் இடுப்போடு முணுமுணுக்கும். பித்தளைக் குடத்தில் குரல் கனத்துக் கேட்கும், பிளாஸ்டிக் குடத்தில் சளி பிடித்ததுபோல் கேட்கும். தட்டுப் போட்டு மூடிவைத்தால் மறுநாள் காலைவரை தாங்கும், அதற்குமேல் புளித்துப்போய்ச் சொன்னது ஒன்றும் கேட்பது வேறொன்றும் ஆகிவிடும். துணி நனையாது, அரிசி வேகாது, தாகம் தீராது. தாகம் பொறுக்காமல் ஒரு தம்ளர் பேச்சைக் குடித்துப் பார்த்தவருக்குப் பகல் முழுக்க விக்கல் நிற்கவில்லை. அதனால் குடிக்கவும் குளிக்கவும் சைக்கிளின் இருபுறமும் குடங்களைக் கட்டி வயற்காட்டு மோட்டார் அறைவரை தள்ளிக்கொண்டு போனோம், கேட் அடைத்திருந்தால் சரக்கு ரயிலின் பெட்டிகள் போய்த் தீரும்வரை நின்றோம், திரும்பி வந்து, குழாயில் வந்ததையும் வீணாக்காமல் பிடித்து மூடிவைத்தோம்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. யாருடைய குரல், யாரைப் பற்றி என்றுதான் கேட்டார்கள். எங்கள் எதிர்வீட்டு இசக்கி அக்கா மேலரதவீதியில் ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கப் போகிறவள். அந்த வீட்டம்மா, "அவ கழுவினதை நான் இன்னொரு தடவை அலசித்தான் அடுப்புல ஏத்துவேன்" என்று சொன்னது ஒருநாள் இசக்கி அக்காவின் தவலையிலேயே வந்து விழுந்தது. மறுநாள் அவள் பாத்திரங்களைச் சோப்பு நுரையோடு கவிழ்த்துவைத்துவிட்டு, "அலசுறதை நீங்களே பாத்துக்கிடுவீகளாமே" என்று சொல்லிவிட்டுத் திண்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். அன்று மாலைக்குள் மேலரதவீதி முழுக்கச் செய்தி போய்விட்டது.

அவர்களும் ஏன் என்று கேட்கவில்லை. குழாய்களின் வாயில் துண்டு கட்டினார்கள். சண்டை போட மொட்டைமாடிக்குப் போனார்கள். கொல்லைக் குழாயடியில் நல்ல வார்த்தை மட்டும் பேசப் பழகினார்கள், அப்படிப் பேசிய நல்ல வார்த்தைகள் எங்கள் குடங்களில் எண்ணெய்போல மேலே மிதந்தன. பேரூராட்சித் தலைவர் தினமும் காலையில் தன் வீட்டு வாஷ்பேசின் முன் நின்று, கேட்டடி மக்களுக்கு விரைவில் தண்ணீர் வரும் என்று மூன்றாம் மனிதருக்குச் சொல்வதுபோல் சொன்னார். அதை மட்டும் யாரும் பிடிக்கவில்லை, சாக்கடையில் விட்டோம். இப்படி இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் காதால் பார்க்கத் தொடங்க, ஊரில் யார் யாரிடம் சிரித்தாலும், அது வாய்க்கா குழாய்க்கா என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் ஆரம்பித்துச் சில வாரம் கழித்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது. பஜாரில் பாத்திரக்கடை மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனம் அது. ஊரின் மூன்று மேல்நிலைத் தொட்டிகளின் வால்வுகளை மணி பார்த்துத் திறந்து மூடுகிற நிரலை அவர்கள்தான் எழுதியிருந்தார்கள். மேலரதவீதித் தொட்டியில் பேரூராட்சி வாங்கிய விண்டோஸ் கணினி. பஜார்த் தொட்டியில் வியாபாரிகள் சங்கம் கௌரவத்துக்காக வாங்கிக்கொடுத்த, மூடியில் கடித்த ஆப்பிள் போட்ட மேக். கேட்டடித் தொட்டியில், ஏதோ பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டிய, திரையில் கீறல் விழுந்த லினக்ஸ் மடிக்கணினி. மூன்றும் மூன்று வீட்டு மனிதர்கள் மாதிரி. ஒன்றுக்குப் புரிகிற பேச்சு இன்னொன்றுக்குப் புரியாது, ஒன்று வாசல் என்று சொல்வதை இன்னொன்று வேறு பெயரில் சொல்லும். ஒரே நிரல் மூன்றிலும் ஒழுங்காக ஓடுமா என்று ஒவ்வொரு திருத்தத்தையும் பார்த்துச் சொல்வது என் வேலை.

நிறுவனத்தை நடத்தியவர் கோமதிநாயகம் சார். அவருடைய அப்பா பத்திரம் எழுதுகிறவராக இருந்து, சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் ஒவ்வொரு பத்திரத்தையும் கைநாட்டு வைக்கப்போகிறவருக்கு உரக்க வாசித்துக் காட்டியவர். அந்த வழக்கத்தைச் சார் விடவில்லை. எந்தத் திருத்தமும் சத்தம் போட்டு வாசிக்கப்பட்ட பிறகுதான், பார்த்தவரின் பெயர் அதன் அடியில் ஏறிய பிறகுதான், தொட்டிக்குப் போகும். வாசிக்க வேண்டியது நான். ஆனால் சேர்ந்த அன்று எழுந்து நின்ற எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. "சரிம்மா, நீ எழுதியே குடு" என்று சார் சொல்லிவிட்டார். அதன்பிறகு அங்கே நிரல் எழுதுகிற சுடலைமணி அண்ணனே தான் எழுதியதைத் தானே கொடைவிழா அறிவிப்பு மாதிரி வாசித்தார், நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்விகளைத் தட்டச்சு செய்து அனுப்பினேன், அவர் அந்தப் பக்கமிருந்து வாயால் பதில் சொன்னார்.

எந்தத் தெரு என்று கேட்டபோது, "கேட் பக்கம்" என்று சொன்னேன். அவர்கள் கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ரயில்வே குடியிருப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

அலுவலகத்தின் மூலையில் ஒரு கை கழுவும் குழாய் இருந்தது. அதற்கும் துண்டு கட்டியிருந்தார்கள், சுடலை அண்ணன் சாப்பாட்டுக் கூடையில் கொண்டுவந்த பழைய துண்டு, ஆனால் அது நைந்துபோனது. சார் தலைவரைப் பற்றிச் சொன்னது தலைவர் காதுக்கு எட்டியது. சுடலை அண்ணன் தன் மாமனார் குறட்டையைப் பற்றிச் சொன்னது மாமனாருக்குப் போய்விட்டது.

"துண்டு கட்டியிருக்கு. அப்புறமும் போகுதுன்னா யாரோ கொண்டுபோறாக சார்," என்றார் சுடலை அண்ணன், என்னைப் பார்க்காமல். "எனக்குப் பேசுதவங்கமேல பயம் இல்ல. பேசாம இருக்கவங்களுக்குத்தான் காது பெருசு."

"சும்மா இருல. அது புள்ளப்பூச்சி," என்றார் சார். ஆனால் அன்றைக்குப் பிறகு அவரும் தொலைபேசி வந்தால் படிக்கட்டுக்குப் போய்ப் பேசினார்.

வீட்டில் இன்னொரு சந்தேகம் வளர்ந்துகொண்டிருந்தது. அம்மா தெருக்குழாயில் எந்த நேரத்தில் எங்கள் அலுவலகம் வருகிறது என்று கண்டுபிடித்து, அந்த நேரத்துக்குத் தன் பித்தளைக் குடத்தோடு முதல் ஆளாக நின்றாள். சுடலை அண்ணனின் தும்மல் அவளுக்குத் தெரியும், சாரின் செருமல் தெரியும், கீழே பாத்திரக்கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்ப்பதுகூடத் தெரியும். ஒருநாள் நான் சாப்பிட உட்கார்ந்ததும் குடத்தின் தட்டை விலக்கினாள். 'ஈஸ்வரி, இதைப் பாத்தியா' என்றது சாரின் குரல். பிறகு ஒன்றுமில்லை, விசைப்பலகையின் தட்தட் சத்தம் மட்டும். 'அதான் சொல்லுதேன்லா' என்றது சுடலை அண்ணனின் குரல்.

"எல்லாரும் உன்னையக் கூப்பிடுதாக," என்றாள் அம்மா. "நீ பதில் சொல்ற சத்தம் ஒரு குடத்துலயும் விழல. நானும் இத்தனை நாளாப் பிடிச்சுப் பாக்கேன். ஏட்டி மாரீஸ்வரி, நெசமாவே அங்கதான் போறியா?"

"அங்கதாம்மா போறேன்."

"அப்ப நீ என்னதான் செய்யுத அங்க?"

ரசத்தைப் பிசைந்தபடி யோசித்தேன். ஒரு ஊரில் ஓடுவது இன்னொரு ஊரில் ஓடுமா என்று பார்க்கிறேன் என்றேன். அம்மா தட்டை மறுபடி மூடினாள். அவள் நம்பவில்லை.

அந்த வாரத்தில்தான் தலைவரே படியேறி எங்கள் மாடிக்கு வந்தார். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் குடிநீர்த் திட்டத்தைப் பார்க்க வருகிறார், எங்கள் ஊர்தான் மாதிரி ஊராம். தலைவர் நேரே மூலைக்குப் போய், துண்டுக்குமேல் குழாயின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் எங்கள் பக்கம் திருப்பிச் சொன்னார்.

"நாயகம், தண்ணி வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். அந்தப் பேச்சு நிக்கணும். அவரு அங்க நிக்கையில குழாய் என் குரல்ல பேசுச்சுன்னா நான் எங்க போய் நிப்பேன்?"

மோதிரம் போட்ட கை. விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் சுடலை அண்ணன் திருத்தத்தை எழுதி அனுப்பிவிட்டார். ரொம்பச் சின்னத் திருத்தம், ஒரு கைக்குட்டையில் முடிகிற அளவு. அதைப் பார்க்கப் பழைய நிரலையும் திறக்க வேண்டியிருந்தது, திறந்தபோதுதான் காலனிக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. விண்டோஸ் கணினியில் வால்வுக்குப் போகிற வாசலின் பெயர் 'காம் மூன்று'. நிரல் அந்த வாசலைத் திறந்து 'வால்வைத் திற' என்று சொல்கிறது. மேக்கில் அந்தப் பெயர் செல்லாது என்று வியாபாரிகள் சங்கம் முதல்நாளே கூச்சல் போட்டதால், அதற்கு மட்டும் சுடலை அண்ணன் வேறு பெயர் எழுதிக்கொடுத்திருந்தார். லினக்ஸுக்கு யாரும் கூச்சல் போடவில்லை. அங்கேயும் அப்படி ஒரு வாசல் கிடையாது, ஆனால் அந்தப் பழைய மடிக்கணினி மறுக்கத் தெரியாதது; இல்லாத வாசலின் பெயரைச் சொன்னதும் அதே பெயரில் ஒரு வெறும் கோப்பை உண்டாக்கி, 'வால்வைத் திற', 'வால்வைத் திற' என்று நிரல் சொன்ன சொல்லையெல்லாம் காலையும் மாலையும் அதற்குள் எழுதி நிரப்பிக்கொண்டிருந்தது. வால்வுக்கு ஒரு சொல்லும் போகவில்லை. சொல் மட்டும் சேர்ந்துகொண்டே இருந்தது.

புதுத் திருத்தம் அதைச் சரிசெய்யவில்லை. கணினி லினக்ஸாக இருந்தால் ஒன்றும் செய்யாதே, 'திறந்தாயிற்று' என்று மட்டும் பதில் கொடு என்று அதில் இருந்தது.

ஏன் என்று தட்டச்சு செய்து அனுப்பினேன். எதிரே சுடலை அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உரக்கப் பதில் சொன்னார்.

"எப்படியும் அங்க தண்ணி வரல. சொல்லை எழுதலன்னா இனிமே பேச்சும் வராது. அவ்வளவுதான்."

சரியாக எழுதலாமே, வாசலின் பெயரைக் கணினியிடமே கேட்டு வாங்கலாமே என்று அனுப்பினேன்.

"எழுதலாம். எழுதினா ஓட்டிப் பாக்கணும்லா. அந்த மெஷின் கேட்டடித் தொட்டிக்குக் கீழ இருக்கு. அந்தக் காலனிக்குள்ள யாரு போவா? நீ போவியா?"

என் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. திரையைப் பார்த்தேன். இதன் அடியில் என் பெயர் ஏறினால் நாளையிலிருந்து எங்கள் குழாய் இருமக்கூட இருமாது. பேரூராட்சிப் பதிவில் கேட்டடிக்குத் தினமும் இரண்டு வேளை தண்ணீர் திறக்கப்பட்டதாக ஏறிக்கொண்டே இருக்கும். வரவில்லை என்று எங்கள் ஆட்கள் போய்ச் சொன்னால், கணினி பொய் சொல்லுமா என்று கேட்பார்கள். இதுவரை தண்ணீர்தான் இல்லை. இனி இல்லை என்று சொல்வதும் இருக்காது.

"ஈஸ்வரி, மசமசன்னு இருக்காத. சாயங்காலத்துக்குள்ள உன் பேரைப் போட்டுரு," என்றார் சார். "சுடலை, நீ ஒருதரம் வாசிச்சுரு. சட்டுனு முடிப்போம்."

"நான் வாசிக்கேன் சார்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அது எங்கள் தெருக்குழாய் மாதிரிதான் இருந்தது: முதலில் இருமியது, பிறகு கொஞ்சம் காற்று, அதற்குப் பிறகே சொல் வந்தது. நான் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், அதைக் கை கழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்து, துண்டின் முடிச்சை அவிழ்த்தேன். நனைந்து இறுகியிருந்ததால் பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது.

"அங்க எதுக்கும்மா போற?" என்றார் சார்.

திருகைத் திறந்துவிட்டு வாசித்தேன்.

"மேலரதவீதியாக இருந்தால், வாசலைத் திற, வால்விடம் சொல், பதில் வரும்வரை காத்திரு, பதில் வராவிட்டால் மணி அடி. பஜாராக இருந்தால், வாசலைத் திற, வால்விடம் சொல், பதில் வரும்வரை காத்திரு, பதில் வராவிட்டால் மணி அடி. கேட்டடியாக இருந்தால், எதையும் திறக்காதே. யாரிடமும் சொல்லாதே. பதிலுக்குக் காத்திருக்காதே. மணி அடிக்காதே. திறந்தாயிற்று என்று எழுது."

திருகை நான் மூடவில்லை. வாசித்தவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு, சாரின் அப்பா காலத்திலிருந்து வருவது. அதையும் கேட்டேன்.

"எழுதியவர் இதை மூன்று இடத்திலும் ஓட்டிப் பார்த்தாரா?"

"அதான் சொன்னேன்லா," என்றார் சுடலை அண்ணன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அங்க யாரு போவா?"

"நான் தினமும் போறேன். என் வீடு அங்கதான். நாலாவது வரிசை, வேலிக்கருவை பக்கத்து வீடு," என்றேன். "இதுக்கு என் பேரைப் போட முடியாது."

சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். முதல்முறையாக என்னை முழுசாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட, இத்தனை நாள் இந்த அறையில் என்னென்ன பேசினோம் என்று பின்னோக்கித் தேடுவதுதான் அதிகம் இருந்தது.

மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போகலாமா என்று தயங்கிக் கேட் அருகே நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் காலனிப் பெண்கள் இடுப்பில் முணுமுணுக்கும் குடங்களோடு தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்; நானும் பின்னாலேயே போனேன். பாத்திரக்கடைக்காரர், புதுக்குடம் வாங்கத்தான் கூட்டமாக வருகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றாராம். அவர்கள் மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். இசக்கி அக்கா மேல்படியில் நின்று, கதவைத் திறந்த கோமதிநாயகம் சாரைப் பார்த்து வெகு மரியாதையாகப் பேசினாள்.

"பத்திரத்தை வாசிச்சுக் காட்டினீக. பூராவும் கேட்டோம். எங்களுக்குச் சம்மதம் இல்ல. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்."

சொல்லிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்தாள். ஒவ்வொருத்தியாகக் கவிழ்த்தார்கள். என் குரல் படிப்படியாக இறங்கியது, யாரிடமும் சொல்லாதே, மணி அடிக்காதே, அதன்பின்னால் சுடலை அண்ணனின் அங்க யாரு போவா, அதன்பின்னால், பழையதாகிக் கொஞ்சம் புளித்திருந்தாலும் யாருடையது என்று யாருக்கும் சந்தேகம் வராத குரலில், தண்ணி வந்தா வரட்டும் வராட்டிப் போகட்டும் என்பது பஜார் முழுக்க ஓடி, கடைவாசல்களில் தேங்கி, தேர்முட்டிவரை போனது. கடைக்காரர்கள் செருப்பைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். கோமதிநாயகம் சார் கடைசிக் குடம் காலியாகும்வரை நின்று கேட்டார். வாசித்ததைக் கேட்டவர் சம்மதம் இல்லை என்று சொன்ன பிறகு, அவருடைய அப்பாவும் பேனாவை மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதிகாரி வர இன்னும் ஒருநாள் இருந்தது, அதற்குள் பஜாரில் தேங்கிய பேச்சு வற்றாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"சுடலை, வண்டியை எடு," என்றார். "ஈஸ்வரி வழி காட்டும்."

காலனி சுடலை அண்ணனைத் தொட்டிக்குக் கீழே உட்காரவைத்துச் சுற்றிநின்று பார்த்தது. அவர் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் சந்தேகமாகப் பார்த்தது. அவரும் அந்தக் கீறல் விழுந்த மடிக்கணினியைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். வாசலின் பெயர் என்ன என்று நிரல் முதல்முறையாக அதனிடமே கேட்டது. அது தயங்காமல் சொன்னது, இவ்வளவு நாள் யாரும் கேட்காததுதான் காரணம் என்பதுபோல. நான் வாசித்தேன், அவர் ஓட்டினார். தலைக்குமேல் இரும்பு முனகியது.

தண்ணீர் வந்தபோது யாரும் குடிக்கவில்லை. இசக்கி அக்கா ஒரு தம்ளரில் பிடித்துச் சுடலை அண்ணனிடம் நீட்டினாள். அவர் வாங்கி, வாய்க்குக் கொண்டுபோகுமுன் காதில் வைத்துக் கேட்டார், பிறகுதான் குடித்தார். அதைப் பார்த்த பிறகே மற்றவர்கள் பிடித்தார்கள், அவர்களும் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் குடித்தார்கள். எங்கள் காலனியில் இன்றைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது எல்லாப் பாத்திரமும் நிரம்பித் தரை ஈரமாக இருந்தது. அடுப்படியில் அம்மாவின் பித்தளைக் குடம் மட்டும் தட்டுப் போட்டு, தட்டின்மேல் அம்மிக்குழவி ஏற்றி வைத்திருந்தது. காது வைத்தேன். வாசலைத் திற, வால்விடம் சொல், பதில் வரும்வரை காத்திரு என்று உள்ளே நான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆகியும் புளிக்கவில்லை.

"இதை மட்டும் ஏம்மா ஊத்தல? எல்லாரும் ஊத்தினாங்கள்லா."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நல்ல தண்ணிய யாராவது தெருவுல ஊத்துவாகளா," என்றாள்.